சுகிர்தபாய் மாமியின் பச்சைத் தகடு

மீன்காரர் ஒரு வீட்டின் முன்னால் எவ்வளவு நேரம் வண்டியை நிறுத்துகிறார் என்று பார்த்தாலே அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எங்கள் குன்னத்துகால் பக்கம் இப்போதெல்லாம் அவர் இன்ஜினை அணைப்பதே இல்லை. இரண்டு அயிலை, இல்லாவிட்டால் ஒரு பிடி நெத்தோலி, அவ்வளவுதான் வியாபாரம். வீடுகள் எல்லாம் மாடி வீடுகள். மாடியில் குடியிருப்பது புறாக்கள். கீழே ஒரு அம்மாவோ ஒரு அப்பாவோ டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும் இருப்பார்கள். என் மகள் பிரசீதா அயர்லாந்தில் நர்ஸ். அங்கே யாரோ ஒருவருடைய அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு, வரும் வழியில் எனக்கு ஒரு குட் மார்னிங் படம் அனுப்புவாள்.

லேகா மேடம், உங்கள் போலீஸ் தாளில் நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழில் சொல்கிறேன். எல்லையில் இருக்கிற எங்களுக்குக் கடைக்கு மலையாளம், வீட்டுக்குத் தமிழ், சண்டைக்கு இரண்டும். இது வீட்டு விஷயம் என்பதால் தமிழ்தான் வருகிறது.

என்னை வம்புக்காரி என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நான் மறுக்கவில்லை. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, யார் மருமகள் பையோடு பஸ் ஏறினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு ஊரில் இதையெல்லாம் யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பஞ்சாயத்து அதற்கு ஆள் போடாததால் நான் சம்பளமில்லாமல் பார்த்து வந்தேன்.

என் அண்ணன் தங்கையன் எனக்கு அடுத்த வளாகத்தில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு இல்லை. அவருடைய பலா மரத்தின் கிளை என் கூரைமேல் கிடந்ததுதான் காரணம். அண்ணன் தங்கைக்குள் இதெல்லாம் உள்ளதுதான். யார் முதலில் கூப்பிடுவது என்று இருவரும் காத்திருந்தோம். அவர் வீட்டுப் பின்னால் ஒட்டுப்பால் மூட்டை எப்போதும் கிடக்கும். ரப்பர் மரத்துச் சிரட்டையில் உறைந்து ஒட்டும் பாலைச் சாக்கில் கட்டி வைத்தால் என்ன நாற்றம் நாறும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு வாரம் காற்று சரியில்லாமல் வந்தபோது, மழைக்கு மூட்டை நனைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நான் மட்டும் இல்லை, அந்த வழியாகப் போன எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படித்தான் நினைத்தார்கள். ரப்பர் நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. பால் வெட்டுகிற பிரதீஷ் மூட்டையை எடுக்க வந்தபோதுதான், நாற்றம் மூட்டையிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது.

அடுத்தது உள்ளாட்சித் தேர்தல். எனக்கு எதிர் வீடு சுகிர்தபாய் மாமியுடையது. மாமியின் மகன் விஜயதாஸ் நின்றார். ஓட்டு எங்கள் வார்டில், குடியிருப்பு நெய்யாற்றின்கரையில், மனைவி மினியோடு புது வீட்டில். மாமி இங்கே தனியாக. விஜயதாஸ் புத்திசாலி. தனியாக இருக்கிறவர்களின் ஓட்டுதான் மலிவு என்று மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர். குடும்பம் இருக்கிற வீட்டில் ரோடு கேட்பார்கள், குழாய் கேட்பார்கள். தனியாள் வீட்டில் உட்கார்ந்து பாலில்லாமல் ஒரு கட்டங்காப்பி குடித்து, முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தால் போதும். கட்சியே பார்க்காமல் குத்துவார்கள். எந்தக் கட்சி வந்து உட்கார்ந்தாலும் குத்தியிருப்பார்கள். முதலில் வந்து உட்கார்ந்தவர் இவர்.

அண்ணனுடைய போட்டோ வேண்டும் என்று என்னிடம் வந்தார். மரியாதை செய்வதற்கு என்றார். நானே சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். மறுநாள் முக்கில் ஃபிளெக்ஸ் நின்றது. 'இனி ஒரு தங்கையன் வேண்டாம்.' கூட்டத்துக்கு நான் பாலராமபுரம் நேரியது உடுத்திக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். விஜயதாஸ் மைக்கைப் பிடித்துக் கண் கலங்கப் பேசினார். பிறகு கூட்டம் தூங்கிவிடக் கூடாதே என்று ஒரு தமாசு சொன்னார்.

"நம்ம பிரேமகுமாரி அக்கா இஞ்ச இருக்கியாவ. வார்டுல எந்த அடுக்களையில என்ன கறி வேவுதுண்ணு அக்காட்ட கேட்டா போதும், சொல்லிப்போடுவாவ. பின்ன, பக்கத்து வீட்டுல சொந்த அண்ணன் செத்துக் கிடந்து நாறினது மட்டும் அக்காவுக்கு அறியாது. மக்களே, இதாக்கும் இன்னத்த காலம்!"

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். முன்வரிசையில் சுகிர்தபாய் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மகன் பேசும்போது தாய் சிரிப்பது இயற்கை. அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஜயதாஸ் ஜெயித்தார். அந்தத் தமாசும் ஜெயித்தது. சாயாக்கடைப் பக்கம் நான் போனால், "எலே, அக்கா வாறாவ, ஒட்டுப்பால மூடு" என்று யாராவது சொல்வார்கள். அதைக்கூடத் தாங்கலாம். எனக்குச் செய்தி நின்றுபோயிற்று. அதைத் தாங்க முடியவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஊர் ஒருமுறை சிரித்துவிட்டால், பிறகு அவளிடம் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். மதில் அருகே நான் வந்து நின்றால் பக்கத்து வீட்டு ஜிஜி துணியை உலர்த்துவதைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் அயல்கூட்டம் முறை வைத்து வீடு வீடாக நடக்கும். என் முறை வந்தபோது, "அக்காவுக்கு சுகமில்லல்லா" என்று என்னைக் கேட்காமலேயே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு சுகக்கேடும் இல்லை. மிக்சர்கூட வாங்கி வைத்திருந்தேன். பிரசீதாவிடம் போனில் சொன்னேன். "அம்மா, டிவி பாருங்கோ" என்றாள்.

மெம்பர் ஆனதும் விஜயதாஸ் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெயர் 'கூட உண்டு', அதாவது துணைக்கு இருக்கிறோம். தனியாக இருக்கிற ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு தகரத் தகடு. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு, இரண்டு பக்கமும் ஓரத்தில் மெம்பர் சிரிப்பார். கேட்டில் கொக்கியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் சிவப்பு. காலையில் எழுந்து வந்து பச்சைக்குத் திருப்ப வேண்டும். ஷிஜு என்ற பையன் ஸ்கூட்டரில் ஒரு சுற்று வந்து தகடுகளைப் படம் எடுத்து வார்டு குரூப்பில் போடுவான். சிவப்பாகவே இருந்தால் மட்டும் இறங்கிக் கூப்பிடுவான்.

நல்ல திட்டம்தான். முன்பெல்லாம் அந்த வழியாகப் போகிறவர்கள், "மாமியே, எழும்பியாச்சா? காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தகடு வந்த பிறகு பச்சையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். துபாய்ப் பிள்ளைகள் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள், குரூப்பில்தான் பச்சை வந்துவிடுகிறதே. விஜயதாஸ்கூட அம்மாவுக்குத் தினமும் காலையில் போன் செய்துகொண்டிருந்தவர், பிறகு தகட்டுக்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். இதை மாமியே என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, மகனுக்கு நேரமில்லை என்ற பெருமையோடுதான் சொன்னார். "அவனுக்குத் திரக்காக்கும் பிள்ளே" என்றார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஈஸ்டர் கழிந்து ஒரு திங்கட்கிழமை. காலையில் மாமி வீட்டுத் தகடு சிவப்பாகவே இருந்தது. ஷிஜு இன்னும் வரவில்லை. நான் கேட்டைத் திறந்து, பத்திரிகையை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்னால் போனேன். அடுக்களையை ஒட்டிய ஒர்க் ஏரியாவுக்குக் கம்பி போட்டு உள்ளிருந்து பூட்டியிருந்தது. அதற்கு அப்பால் அடுக்களைத் தரையில் மாமியின் கால்கள் தெரிந்தன. ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"ஆரு? பிரேமாவா? கர்த்தர்தான் உன்ன அனுப்பினாரு மக்கா. வழுக்கி விழுந்துபோட்டேன். போனு கட்டிலுல கெடக்கு. விஜயனுக்கு ஒண்ணு விளிச்சுச் சொல்லு."

"சொல்லுதேன் மாமி" என்றேன்.

சொல்லவேண்டும் என்றுதான் முன்பக்கம் வந்தேன். கேட்டருகே வந்ததும் அந்தத் தகடு கண்ணில் பட்டது. சிவப்புப் பக்கத்திலும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அதைப் பச்சைக்குத் திருப்பினேன்.

ஷிஜு வந்தான், படம் எடுத்தான். "எக்கா, மாமி எழும்பியாச்சா?" என்றான்.

"பச்ச கண்டூடாதா உனக்கு?" என்றேன்.

"கண்டு, கண்டு" என்று போய்விட்டான். கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. இந்த விஷயம் முழுவதிலும் நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மாமியிடம் சொல்லுதேன் என்றேன், எப்போது என்று சொல்லவில்லை.

என் கணக்கு எளிமையானது. விஜயதாசின் அம்மா விழுந்து கிடக்க வேண்டும், விஜயதாசின் தகடு பச்சை காட்ட வேண்டும். சாயங்காலம் நான் போய்க் கண்டுபிடித்துக் கத்துவேன். ஊர் கூடும். "வார்டு முழுக்க யாரு சுகம், யாரு சுகமில்லண்ணு மெம்பருக்கு அறியலாம். சொந்த அம்மைய மட்டும் அறியாது." இதைச் சொல்ல ஆள் தேடவேண்டாம், நானே சொல்லிவிடுவேன். ஒரு பகல் தரையில் கிடப்பதால் யாரும் சாவதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

மதியம் போனேன். சும்மா பார்க்கத்தான். மாமி தண்ணீர் கேட்டார். நான் அப்படிப்பட்டவள் இல்லை, மேடம். என் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் வெள்ளம் கொண்டுவந்து, கம்பிக்குள் கையை விட்டு, எட்டும் மட்டும் தள்ளி வைத்தேன். மாமியின் கைக்கும் டம்ளருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. என் கை அவ்வளவுதான் நீளம். வாரியல் கம்பால் தள்ளியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாரியல் அங்கேதான் சாய்ந்திருந்தது.

"விஜயன் எங்க மக்கா? புறப்பட்டானா?"

"மெம்பருக்குத் திரக்காக்கும் மாமி" என்றேன்.

துவைக்கிற கல் அந்தக் கம்பிக்கு நேராக இருக்கிறது, நிழலும் உண்டு. உட்கார்ந்தேன். சும்மா உட்காருவது மரியாதை இல்லை என்று பேச்சுக் கொடுத்தேன். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சாயாக்கடை, அயல்கூட்டம், மிக்சர், எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்கு ஆள் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்றும் சொன்னேன். மாமி அழுதார். முதலில் வலிக்கு அழுதார், பிறகு எனக்காகவும் கொஞ்சம் அழுதார் என்று நினைக்கிறேன். சாயங்காலம் ஆனது தெரியவில்லை. கத்துவது நாளைக்கு ஆகட்டும் என்று எழுந்து போய்த் தகட்டைச் சிவப்பாக்கினேன். ராத்திரியில் பச்சை தொங்கினால் சந்தேகம் வரும் இல்லையா.

செவ்வாய்க்கிழமையும் பச்சை. பத்திரிகையை எடுத்து உள்ளே போட்டேன். மீன்காரர் ஹாரன் அடித்தபோது, "மாமிக்கு இண்ணு வேண்டாம்" என்றேன். அதுவும் உண்மை. விஜயதாஸ் வழக்கம்போல் ஹார்ட் போட்டிருந்தார். நான் அதை என் போனில் மாமிக்குக் கம்பி வழியாகக் காட்டினேன். மாமிக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, வாசித்துச் சொன்னேன். அம்மையின் மகன் அனுப்பியது என்றேன். மாமி கம்பிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்.

"பிரேமா, அவன் அண்ணைக்கு மைக்குல சொன்னது தப்பாக்கும். நான் சிரிச்சதும் தப்பாக்கும். என்ன மன்னிச்சிரு மக்கா. அவனுக்கு வேண்டி நான் உன் காலப் பிடிக்கேன். யாரையெங்கிலும் ஒண்ணு விளி."

இந்த வார்த்தையை அந்தக் குடும்பத்திலிருந்து கேட்கத்தான் நான் அத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டும் விட்டேன். "அதுக்கென்ன மாமி, விடுங்கோ" என்றேன். பெருந்தன்மையாகவே சொன்னேன். ஆனால் சொல்லவேண்டியவர் விஜயதாஸ், மாமி இல்லை. அதனால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

பிறகு மாமிக்குப் பேச்சு குழறியது. தன் அம்மாவைக் கூப்பிட்டார். நான் போவேன், உட்காருவேன், ஊர்க்கதை சொல்வேன். ஒரு கட்டத்தில் உள்ளே சத்தம் நின்றது. அன்றே நான் தகட்டைத் தொடாமல் சிவப்பாக விட்டேன். ஷிஜு வந்தான், இறங்கினான், கூப்பிட்டான், விஜயதாசுக்குப் போன் செய்தான். கம்பியை அறுத்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். எண்பத்துச் சொச்சம் வயது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து விழுந்திருப்பார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். நேற்றுக் காலைகூடப் பச்சை இருந்ததே.

அன்று என் வீட்டில்தான் எல்லோருக்கும் கட்டங்காப்பி போட்டேன். ஜிஜி வந்து டம்ளர் கழுவினாள். "எக்கா, நீங்க கடைசியா எப்ப கண்டிய?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான் சொன்னேன், கேட்டார்கள். வீடு நிறைய ஆள். நான் சொல்ல வைத்திருந்த அந்தத் தமாசுக்கு மட்டும் இடம் வரவில்லை. விஜயதாஸ் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டிருந்தார். எல்லோரும் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை, அடக்கம் முடியட்டும் என்று பொறுத்தேன்.

நினைவுக் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்தார். "என் அம்மை போனாவ. ஆனா தனியாப் போகல்ல. தகடு திரும்பாம இருந்தப்போ, அர மணிக்கூறுல நாட்டுக்காரங்க ஓடி வந்தாவ. என் அம்மைதான் இந்தத் திட்டத்துக்குச் சாட்சி." கூட்டம் அழுதது. மாமியின் படத்தோடு புது ஃபிளெக்ஸ் வந்தது. இப்போது பாறசாலை வரைக்கும் மற்ற வார்டுகளிலும் தகடு கேட்கிறார்கள். கிழவர்கள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். வாங்கி என்ன கிடைக்கப்போகிறது என்றால், தினமும் யாரோ ஒருவன் தங்கள் கேட்டைப் பார்ப்பான். அதற்காகவே ஓட்டுப் போடுவார்கள். அடுத்த தடவை அவரைப் பெரிய இடத்துக்கு நிறுத்துவார்கள் என்று பேச்சு. மேடைக்கு என்னையும் கூப்பிட்டு, நல்ல அயல்காரி என்று சொல்லிப் பொன்னாடை போட்டார். அவர் கையாலேயே போட்டார்.

அதனால்தான் நானே இங்கே வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. மனசாட்சி என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். அவருடைய அம்மா அடுக்களைத் தரையில் உயிரோடு கிடந்த நாட்களில் எல்லாம் அவருடைய தகடு பச்சை காட்டியது, அவர் ஒரு தடவைகூடக் குரல் கேட்கப் போன் செய்யவில்லை. இதை முதலில் எழுதுங்கள். ஊர் கேட்க வாசியுங்கள். மைக் வைத்து வாசித்தால் நல்லது. நான் செய்ததை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். சுகிர்தபாய் மாமியைச் சாகவிட்டவள் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். உள்ளே சத்தம் நின்ற அன்றே தகட்டைச் சிவப்பாக விட்டேன் என்று சொன்னேன். அன்று இல்லை. அதற்கு மறுநாள். உள்ளே சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகும், அன்று காலையில் நான் பச்சைக்குத் திருப்பினேன். எங்கள் வார்டு அஜேஷின் கல்யாணம் மோதிரம் மாற்றிய பிறகு நின்றுபோன கதையைப் பாதி சொல்லியிருந்தேன், மாமிக்கு அது பிடித்திருந்தது. ஷிஜு போன பிறகு கல்லில் உட்கார்ந்து மீதியைச் சொன்னேன். பெண் வீட்டார் திருப்புறத்திலிருந்து வந்து சண்டை போட்டது வரைக்கும், ஒன்று விடாமல். நடுவில் எழுந்து போகாமல் யாராவது என்னிடம் ஒரு கதையைக் கடைசிவரை கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று உங்களுக்குத் தெரியாது, மேடம்.